சக்கிமுக்கித் துப்பாக்கியின் சூட்சுமம் பூட்டில்தான்

1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வுல்விச் நகரில் ராணுவத்தார் ஒரு சோதனை நடத்தினார்கள். சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் பழைய துப்பாக்கி ஒரு பக்கம், தட்டினால் வெடிக்கும் 'கேப்' வைத்து அடிக்கும் புதிய துப்பாக்கி மறு பக்கம். இரண்டு வகையிலும் 6,000 தடவை சுட்டுக் கணக்கெடுத்தார்கள். கேப் துப்பாக்கி 36 தடவை வெடிக்கவில்லை. கல் துப்பாக்கியோ 922 தடவை வெடிக்கவில்லை. ஆறேழு தடவைக்கு ஒரு தடவை, விசையை இழுத்தும் வெறும் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுபோனது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பெரிய படைகள் நம்பியிருந்த ஆயுதத்தின் யோக்கியதை இதுதான். கணக்கைப் பார்க்கிறவர்கள் 'அந்தத் துப்பாக்கியே உருப்படாதது' என்று முடித்துவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது. அதே காலத்தில் லண்டனின் நல்ல கைவினைஞர்கள் செய்த வேட்டைத் துப்பாக்கிகள், அதே கல்லையும் அதே மருந்தையும் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் ஏமாற்றாமல் வெடித்தன. வேறுபாடு குழாயில் இல்லை, மருந்திலும் இல்லை. குழாயின் பின்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருக்கும் விசைப்பூட்டில்தான் இருந்தது. அந்தப் பூட்டைத் தேற்றுவது என்றால் அதன் வலுவைக் கூட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கழித்தல் வேலை. எங்கே உராய்கிறது, எங்கே தாமதிக்கிறது, எங்கே வலு வீணாகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குவதுதான் அந்தக் கலை.

பூட்டின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெளியே தெரிவது மூன்று உறுப்புகள். கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை. அதற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் உருக்குத் தகடு. தகட்டின் அடிப்பாகம் மூடிபோலக் கவிந்திருக்கும் சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை பொடிமருந்து. கிண்ணத்தை ஒட்டிக் குழாயின் பக்கவாட்டில் பற்றுவாய் என்னும் ஊசித்துளை. உள்பக்கம் மடித்த பட்டையாக ஒரு பெரிய ஸ்பிரிங், குதிரையின் அச்சில் மாட்டிய பல்வெட்டுள்ள துண்டு, அந்தப் பல்லில் விழுந்து பிடிக்கும் கொண்டி. விசையை இழுத்தால் கொண்டி விலகும், குதிரை பாயும், கல் தகட்டைச் சுரண்டிக்கொண்டே இறங்கும், தகடு பின்னால் சாய்ந்து கிண்ணம் திறக்கும், பொறி மருந்தில் விழும், தீ பற்றுவாய் வழியாக உள்ளே போகும். நல்ல பூட்டில் விசை இழுபட்டதிலிருந்து கிண்ணம் பற்றிக்கொள்வது வரை ஏறத்தாழ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம்தான். இத்தனை காரியமும் அதற்குள் வரிசை பிசகாமல் நடக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் வெடி இல்லை.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பூட்டு அந்நியமானதல்ல. 1799-இல் திப்பு சுல்தான் விழும் வரை கோவைச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. 1790 செப்டம்பரில் பவானி ஆற்றங்கரைச் சத்தியமங்கலத்தில் திப்புவின் படையும் கர்னல் ஃபிளாய்டின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மோதிக்கொண்டபோது இரு தரப்பிலும் கல் துப்பாக்கிகள் இருந்தன. மறு ஆண்டு கோவைக் கோட்டையை லெப்டினன்ட் சால்மர்ஸ் மாதக்கணக்கில் காத்து நின்று, நவம்பரில் திப்புவின் தளபதி கமருத்தீன் கானிடம் சரணடைந்தார். அதற்குப் பத்தாண்டு கழித்து ஓடாநிலையில் கோட்டை கட்டிய தீரன் சின்னமலை 1801-இல் காவிரிக் கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் கும்பினியை எதிர்த்தார். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். தென்னாட்டுப் பாளையக்காரர்களின் படைகளில் அந்தக் காலத்தில் மிகுந்திருந்தவை ஈட்டியும், கனலும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கியும். எதிரே நின்ற கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது 39 அங்குலக் குழாயும் முக்கால் அங்குல வாயும் கொண்ட கல் துப்பாக்கி. மலிவாகவும் உறுதியாகவும் இருந்ததால், 1790-களில் போர் நெருக்கடி வந்தபோது இங்கிலாந்து அரசே கும்பினியின் அந்த மாதிரியைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. இந்த வரலாற்றைப் பேசும்போதெல்லாம் வீரத்தையும் துரோகத்தையும் எடைபோடுகிறோம். பூட்டையும் எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் தீப்பொறி. கல்லிலிருந்துதான் பொறி பறக்கிறது என்று நினைப்பது இயல்பு. அது தவறு என்பதை ராபர்ட் ஹூக் 1665-இல் வெளிவந்த தம் நூலிலேயே காட்டிவிட்டார். கல்லையும் உருக்கையும் ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் தட்டி, விழுந்த துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அவை உருகி உருண்ட உலோக மணிகள். கல்லின் கூரிய விளிம்பு உருக்கிலிருந்து மிக மெல்லிய சீவல்களைச் செதுக்குகிறது. அந்தச் சூட்டிலேயே சீவல் காற்றோடு சேர்ந்து எரிகிறது. நாம் பார்க்கும் பொறி எரிகிற இரும்பு. ஆக, கல் உளி மட்டுமே. விறகு உருக்குத் தகடுதான். தகடு மிருதுவாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், பொறி வராது. அளவுக்கு மீறி விறைத்திருந்தால் கல் வழுக்கும், தகடே விரிசல் விடும். கரிமம் போதிய அளவு ஏறிய உருக்கைச் சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டி இறக்க வேண்டும். அரிவாளுக்குத் துவைச்சல் போடுகிற கொல்லருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பழைய பூட்டில் பொறி மங்கிவிட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் தகட்டின் முகத்தைத்தான். ஆயிரக்கணக்கான உரசலில் மேல்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளிப்பட்டிருக்கும். அக்காலத்து ஆயுதப் பட்டறைகளில் அதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. தேய்ந்த முகத்தின் மேல் புது உருக்குப் பட்டை ஒன்றைப் பொருத்துவது ஒன்று. எலும்புக் கரி, தோல் கரியோடு தகட்டை ஒரு பெட்டியில் காற்றுப் புகாமல் மூடி, மணிக்கணக்கில் சிவக்க வைத்து, மேல்தோலில் மறுபடி கரிமம் ஏற்றித் தோய்ப்பது மற்றொன்று.

மூடிய பாத்திரத்துக்குள் இரும்புக்குக் கரிமம் ஊட்டும் வித்தை கொங்கு நாட்டுக்குத் தெரியாததா என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு அருகே கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகளையும் மூசை உருக்குத் தொழிலின் தடயங்களையும் வெளிக்கொண்டு வந்திருக்கின்றன. சேலம் கஞ்சமலை இரும்பு பேர்பெற்றது. 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் வட்டாரத்தில் உருக்கு செய்த முறையை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டைச் சில்லுகளைப் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் மூசையை அடைத்து ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்பில் ஏறும். அப்படி வந்த உருக்கில் கரிமம் நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருக்கும். லண்டனில் ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற அறுவைக் கருவி செய்பவர், ஐரோப்பாவின் சிறந்த உருக்கையும்விட இதையே தான் விரும்புவதாக விளம்பரம் போட்டார். அவரோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடே 1820-வாக்கில் இதைப் போலச் செய்ய முயன்றார். இவ்வளவு பேர்பெற்ற உருக்கு வாசலிலேயே கிடைக்கும்போது இங்கே பூட்டு ஏன் மலியவில்லை?

விடை ஸ்பிரிங்கில் இருக்கிறது. கத்திக்கு ஏற்ற உருக்கு வேறு, ஸ்பிரிங்குக்கு ஏற்ற உருக்கு வேறு. கரிமம் மிகுந்த நம் மூசை உருக்கு வெட்டும் விளிம்புக்கு இணையற்றது. ஆனால் அதை அடித்து நீட்ட ஏற்ற சூட்டின் எல்லை குறுகலானது. சற்றுக் கூடினால் பொரிந்து உதிரும், சற்றுக் குறைந்தால் பிளக்கும். லட்சம் தடவை வளைந்து லட்சம் தடவை நிமிரும் மெல்லிய பட்டைக்குக் கரிமம் அதில் பாதிபோல இருந்தால் போதும். ஆனால் நுனி முதல் அடி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இருந்ததல்ல. ஷெஃபீல்டில் 1740-களில் மூசை உருக்கு வார்க்கத் தொடங்கிய பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஒரு கடிகாரக்காரர். தம் கடிகாரங்களின் ஸ்பிரிங்குக்குச் சீரான உருக்கு கிடைக்காத எரிச்சலில்தான் அவர் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். பொருளைவிடப் பெரிய தடை இன்னொன்று. பூட்டு என்பது ஒரு தடவை செய்து மாட்டிவிட்டால் முடிகிற பொருள் இல்லை. ஸ்பிரிங் தளரும், பல் தேயும், கல் மழுங்கும், தகடு வழவழப்பாகும். படையோடு ஆயுதக் கம்மியரும், உதிரி ஸ்பிரிங்குகளும், கல் மூட்டைகளும் ஓயாமல் நடக்க வேண்டும். திப்பு இதைப் புரிந்துகொண்டிருந்தார். 1787-இல் பிரான்சுக்கு அனுப்பிய தூதுக்குழு மூலம் அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அவருடைய பட்டறைகளில் செய்து, குதிரையைப் புலி வடிவில் செதுக்கிய கல் துப்பாக்கிகள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; வேலைப்பாட்டில் அவை ஐரோப்பியப் பூட்டுகளுக்குக் குறைந்தவை அல்ல. அப்படியென்றால் கைத்திறன் இங்கே இருந்தது. ஓர் அரசின் கருவூலம் பின்னால் நின்றபோது அது வெளிப்பட்டது. சில ஊர்களின் வருவாயை நம்பிக் கோட்டை கட்டிய ஒரு பாளையத்துக்கு அந்தத் தொடர்ச்சி கைகூடுவது மிகவும் கடினம். திரித் துப்பாக்கி கொங்குப் படைகளிடம் நீடித்ததை அறியாமை என்று சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை. பராமரிக்க முடிந்த ஆயுதத்தை வைத்திருந்தார்கள்.

இனி தேற்றும் வேலைக்கு வருவோம். பெரிய ஸ்பிரிங் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முரட்டு ஸ்பிரிங் கல்லை நொறுக்கும். பாய்ச்சலில் துப்பாக்கியையே உதறிக் குறியைக் கலைக்கும். கொண்டியை இறுகப் பிடித்து விசையைக் கல்லாக்கும். நல்ல பூட்டைக் கையில் எடுத்துக் குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கனமாக இருக்கும்; சுடத் தயாரான முழுக்குதிரை நிலையை நெருங்க நெருங்க இலகுவாகும். மோசமான பூட்டில் நேர் எதிராக, இழுக்க இழுக்கக் கனக்கும். காரணம் கணக்கானது. ஸ்பிரிங்கின் நுனி நேராகப் பல்துண்டின் மேல் சறுக்காமல், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் கைவினைஞர்கள் பரவலாக்கிய ஒரு சிறு தொங்கு இணைப்பின் வழியாக இழுக்குமானால், முழுக்குதிரையில் அந்த இழுப்பு அச்சுக்கு அருகில் வந்துவிடும். அச்சை நெருங்கினால் நெம்பு குறையும். அதனால் கொண்டியின் மேல் பாரம் குறைந்து விசை மிருதுவாகும். குதிரை விழத் தொடங்கியதும் நெம்பு வளர்ந்து, கல் தகட்டைத் தொடும் நேரத்தில் அடி உச்சத்துக்கு வரும். ஒரே ஸ்பிரிங், கூடுதல் வலு எதுவுமில்லை. தேவையான இடத்துக்கு வலு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஹென்றி நாக், டர்ஸ் எக், ஜோசப் மேன்டன் போன்றவர்களின் பூட்டுகளை உலகம் இன்றும் தூக்கிவைத்துப் பேசுவது இதற்காகத்தான், மேலே இருக்கும் வெள்ளிப் பூவேலைக்காக அல்ல.

எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்கை, அதாவது உருக்குத் தகட்டை நிறுத்தி வைத்திருக்கும் சிறு ஸ்பிரிங்கை, யாரும் கவனிப்பதில்லை. கிண்ணத்தை மூடிவைப்பதும், சாய்ந்த தகடு திரும்பி வந்து கல்லின் மேல் மோதாமல் தடுப்பதுமே அதன் வேலை. அதற்கு மேல் ஒரு துளி வலு இருந்தாலும் அது குதிரையோடு மல்லுக்கு நிற்கும். கல் பாதி வழியில் திணறும். பொறி கிண்ணத்துக்குப் போகாமல் தகட்டின் காலடியிலேயே சிதறும். ஒரு பூட்டு கல்லைத் தின்கிறது என்றால் பத்துக்கு ஏழெட்டு இடங்களில் குற்றவாளி இந்தச் சிறு ஸ்பிரிங்தான் என்பது என் கணிப்பு. நல்ல பூட்டுகளில் தகட்டின் கால் ஸ்பிரிங்கைத் தொடும் இடத்தில் கடுகளவு உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அந்த ஓர் உருளை உராய்வைக் குறைப்பதில் செய்யும் வேலையைப் பெரிய ஸ்பிரிங்கை எவ்வளவு தடிப்பாக்கினாலும் செய்ய முடியாது.

உராய்வைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, கண் போதும். பூட்டைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒன்றோடொன்று உரசுகிற இடங்கள் பளபளப்பான கீற்றுகளாகத் தெரியும். பெரிய ஸ்பிரிங் தன் நீளம் முழுவதும் அடித்தகட்டைத் தேய்த்துக்கொண்டு ஓடினால் அங்கே வெள்ளிக் கோடு விழுந்திருக்கும். நியாயமாக ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். பல்துண்டு தட்டையாக அடித்தகட்டில் படியாமல் மேடான ஒரு வளையத்தில் மட்டும் நிற்க வேண்டும். மறுபக்கம் அதைத் தாங்கும் பாலம் அச்சை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பாலம் இல்லாத மலிவுப் பூட்டில் அச்சு ஆடும், ஆடினால் கொண்டி ஒரு நாள் விழும் இடத்தில் மறுநாள் விழாது. இவற்றையெல்லாம் எண்ணெய்க் கல்லில் மெல்ல மெருகேற்றினாலே பூட்டின் சுபாவம் மாறிவிடும். கோவை சிட்கோவிலும் கணபதியிலும் பம்புக்கு அச்சு கடைகிற எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும், 'பேரிங் சரியில்லாமல் மோட்டார் குதிரைத்திறனைக் கூட்டி என்ன பயன்' என்றுதான் கேட்பார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய துப்பாக்கிக் கம்மியரின் ஞானமும் அதேதான்.

மெருகு போடக் கூடாத ஓர் இடம் உண்டு. பல்துண்டில் இரண்டு வெட்டுகள். ஆழமானது அரைக்குதிரைக்கு, அதில் கொண்டி விழுந்துவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் விடாது, அது பாதுகாப்பு. ஆழம் குறைந்தது முழுக்குதிரைக்கு. விசை மிருதுவாக வேண்டும் என்ற ஆசையில் இந்த வெட்டுகளின் கோணத்தை அரத்தால் தொட்டவர்கள் பலர். மயிரிழை அளவு கோணம் மாறினால் போதும், அதிர்விலேயே கொண்டி நழுவிவிடும். துப்பாக்கி எவர் காலையோ வயிற்றையோ பார்த்து வெடிக்கும். மேல்தோலில் மட்டும் பதமேற்றிய கொண்டி மூக்கை, அந்தப் பதம் போகும் ஆழத்துக்குத் தேய்த்தாலும் இதே கதிதான். பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு மென்மையான இரும்பு மழுங்கிக் கொண்டி நிற்காது. விசையின் கனத்தை ஸ்பிரிங்கின் நெம்பில்தான் குறைக்க வேண்டும், பல்லில் குறைக்கக் கூடாது.

கல்லைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. கடினமான கல் எதுவும் உதவும் என்பது அது. கொங்கு மண்ணில் வெங்கச்சங்கல்லுக்குப் பஞ்சமில்லை. உருக்கைவிட அது கடினமானதுதான், தட்டினால் பொறியும் வரும். ஆனால் அது கரடுமுரடாகச் சிதறும். நேரான மெல்லிய விளிம்பு நிற்காது. அகேட் கல் நெடுநாள் உழைக்கும். ஆனால் சக்கிமுக்கிபோல எளிதில் பெயர்த்துக் கூர்போட இடங்கொடாது, பெரும்பாலும் அறுத்துத்தான் எடுப்பார்கள். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரிலும் பிரான்சின் மேன் ஊரிலும் கிடைத்த சக்கிமுக்கி, கண்ணாடிபோல் நேர்கோட்டில் பெயர்ந்து சவரக்கத்தி விளிம்பு தரும். அதனால்தான் அந்தச் சிற்றூர்கள் உலகப் படைகளுக்கே கல் அனுப்பின. அமெரிக்கப் படையில் சுமார் 20 தோட்டாவுக்கு ஒரு கல் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கல்லை மாட்டுவதிலும் நெறி உண்டு. தோல் துண்டிலோ ஈயத் தகட்டிலோ சுற்றிக் கவ்வ வேண்டும். வெறும் இரும்பு கவ்வினால் உடையும். விளிம்பு தகட்டின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தொட்டு, சுரண்டிக்கொண்டே இறங்கி, கடைசியில் விளிம்பு கிண்ணத்தின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் சாதாரணப் பூட்டும் நன்றாக எரியும். அமையாவிட்டால் மேன்டன் பூட்டும் திணறும்.

பொறி விழுந்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. பற்றுவாய் கிண்ணத்தின் மேல்விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும்; தாழ்ந்திருந்தால் பொடிமருந்து துளைக்குள் புகுந்து திரிபோல மெல்ல எரியும், அந்தத் தாமதம் காதுக்கே தெரியும். இதனால் கிண்ணத்து மருந்தைத் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். அண்மைக்காலத்தில் அதிவேகக் கருவிகளால் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு: துளையை அடைக்காமல் ஒட்டினாற்போல் வைத்த மருந்துதான் வேகமாகத் தீயைக் கடத்துகிறது. பெரியவர்கள் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று இந்த விஷயத்தில் இருக்க முடியாது. ஈரம் இன்னொரு பகை. கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கூழாகும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல்காற்றில், இரண்டு மூன்று வெடிக்கு ஒரு தடவை கிண்ணத்தையும் தகட்டையும் துடைக்காவிட்டால் எவ்வளவு தேற்றிய பூட்டும் ஊமையாகும்.

இவ்வளவு நுணுக்கம் தேவைதானா, படைகள் இதையெல்லாம் பார்த்தா போரிட்டன என்று ஒரு மறுப்பு எழும். படைகள் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஐந்நூறு பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே நேரத்தில் சுடும்போது எழுபது துப்பாக்கி வெடிக்காமல் போனாலும் புகைக்குள் யாருக்கும் தெரியாது. குழாயில் மரையில்லாத அந்தத் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைப்பதே வீண். அங்கே பூட்டு ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தால் என்ன நட்டம்? ஆனால் 1800-இல் பிரிட்டிஷ் படைக்கு எசேக்கியல் பேக்கர் செய்த மரைக்குழாய்த் துப்பாக்கி வந்தபோது கணக்கு மாறியது. குழாய் இருநூறு கஜம் குறி தவறாமல் அனுப்பும் என்றால், குதிரை விழும் உதறலும் மருந்து பற்றும் தாமதமுமே குறியைக் கலைக்கும் பெரிய காரணங்களாகிவிடும். குழாய் எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவு பூட்டின் குறை வெளியே தெரியும். இன்றும் மேல்நாடுகளில் முன்வாய்த் துப்பாக்கிப் போட்டிகளில் கல் துப்பாக்கிக்கென்று தனிப் பிரிவு நடக்கிறது. அங்கே வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் பூட்டுதான் முடிவு செய்கிறது.

மற்றொரு மறுப்பு வலுவானது. கனன்றுகொண்டே இருக்கும் திரி மருந்தைத் தொட்டால் நிச்சயம் பற்றும், உதறலும் கிடையாது, அப்படியிருக்க நம் திரித் துப்பாக்கியே மேலானதல்லவா? தனியாக, உலர்ந்த நாளில், கோட்டைச் சுவரில் தாங்கிச் சுடுபவனுக்கு ஆமாம். அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவில் திரியின் கனல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்; மழையில் அணையும்; போர் வருமோ வராதோ, மணிக்கணக்கில் திரியை எரித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். இடுப்பில் மருந்துப் பை கட்டிய ஆட்கள் கனலும் திரியோடு தோளோடு தோள் நெருங்கி நிற்கவும் முடியாது. நெருங்கி நிற்க முடியாவிட்டால் கும்பினியின் ஈட்டிமுனைத் துப்பாக்கி வரிசையை எதிர்க்க முடியாது. ஒரு துப்பாக்கிக்கு ஒரு துப்பாக்கி என்று பார்த்தால் தோற்காத ஆயுதம், அணிக்கு அணி என்று வரும்போது தோற்றது.

கல் பூட்டின் காலத்தையும் முடித்துவைத்தவர் படைத்தளபதி அல்ல. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், கிண்ணத்து மின்னலைப் பார்த்துப் பறவைகள் தப்பிவிடுகின்றன என்ற கவலையில், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு 1807-இல் காப்புரிமை பெற்றார். அங்கிருந்து வந்ததுதான் கேப். நம் கிராமப்புறங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்த வம்சம். கொங்குக் கம்மியரிடம் பூட்டு வேலை வளராமல் போனதற்குச் சட்டமும் காரணம். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கவும் கோட்டைகளை இடிக்கவும் அறிக்கை விட்டார்; 1878-இல் ஆயுதச் சட்டம் வந்து, இந்தியர் பெரும்பாலோர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது.

இன்றைய நிலையையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். சில பழைய பண்ணை வீடுகளில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி சுவரில் தொங்கும். ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே. பூட்டைத் தேற்றி, ஸ்பிரிங்கை உயிர்ப்பித்தால் சுட முடியும் என்றால், அது இப்போதே உரிமம் வேண்டிய ஆயுதம்தான். அந்தப் பழுதுபார்ப்பைச் செய்யவும் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. பயிர்க் காவலுக்கு முன்வாய்த் துப்பாக்கி உரிமம் தர அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவில் வழி இருக்கிறது; அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துப் பெற வேண்டியது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கல் துப்பாக்கி இருந்தால் தயவுசெய்து அரத்தையும் உப்புத்தாளையும் அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் எந்தப் பதத்தில் இருக்கிறது, கொண்டியில் யார் கை பட்டிருக்கிறது, தகட்டுக்கு எத்தனை தடவை புது முகம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில்தான் பதிந்திருக்கிறது. மெல்லிய எண்ணெய் மட்டும் பூசுங்கள். காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் அருங்காட்சியகத் துறையிடம் ஒப்படையுங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் ஆயுதங்கள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் பத்திரமாக இருக்கின்றன.